உள்ளது உள்ளபடி வாங்குவதா, வாரண்டியோடு வாங்குவதா?

நண்பர் ஒருவருக்கு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும். வீடு மாறிப் போகிற ஒருவர் தன்னுடையதைப் புது விலையில் பாதிக்கும் குறைவாகத் தருகிறார். "உள்ளது உள்ளபடிதான், அப்புறம் வந்து என்னைக் கேட்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பழையதைச் சரிசெய்து, அதாவது ரீஃபர்பிஷ் செய்து விற்கும் ஒரு கடையில் அதே மாடல் ஆறு மாத வாரண்டியோடு இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. இன்னொரு கடையில் டிஸ்ப்ளேவில் நின்ற பீஸ், பக்கவாட்டில் ஒரு நசுங்கல். ஏலத்தில் எடுத்தால் இன்னும் மலிவு என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதை எடுப்பது என்று மூன்று நாளாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மெஷினுக்குப் பதில் லேப்டாப், பைக், கேமரா எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். "உள்ளது உள்ளபடி" என்று சொன்னால் பொருள் மோசம் என்றும் அர்த்தமில்லை, நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பின்னால் தெரியவரும் பழுது யார் தலையில் விழும் என்பதை மட்டும்தான் அந்த வார்த்தை முடிவு செய்கிறது. விழப்போவது உங்கள் தலையில். விலை குறைந்திருப்பது அதைச் சுமப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலி. கூலி கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

ஏன் விற்கிறார்? இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றைக் காட்டினார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனசில்லாமல் ஒதுங்கிவிடுவார். ஒதுங்க ஒதுங்க, சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். இதற்காகவும் இதையொட்டிய ஆய்வுகளுக்காகவும் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பொருளின் தரத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக விற்பவரைத் தேடுங்கள். ஊர் மாறுகிறார், குடும்பம் பெரிதாகிவிட்டது, இடம் போதவில்லை போன்ற காரணங்கள். "புதுசு வாங்கலாம்னு இருக்கேன்" என்றால், இதில் என்ன குறை என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

ஓட்டிப் பார்க்க விடுவார்களா? தொட்டுப் பார்ப்பது வேறு, ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்ப்பது வேறு. ஃப்ரிட்ஜ் ஐந்து நிமிடத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. சில மணி நேரம் ஓடினால்தான் குளிர்ச்சி பிடிக்கிறதா என்று தெரியும்.

மோசமான ஒரு பழுதுக்கு என்ன ஆகும்? அந்தப் பொருளில் விலை உயர்ந்த பாகம் எது, அது போனால் எவ்வளவு என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். லேப்டாப்பில் மதர்போர்டு, ஃப்ரிட்ஜில் கம்ப்ரெஸர், பைக்கில் என்ஜின். அந்தத் தொகை நீங்கள் கொடுக்கப்போகும் விலையைத் தொட்டால், பொருளே போனதாகத்தான் கணக்கு.

பொருள் அவருடையதுதானா? திருட்டுப் பொருளாக இருந்தால் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பயனில்லை. கடன் பாக்கி இருக்கிற வண்டிக்கும் இதே கதி.

வேலை செய்யாமல் போனால் எவ்வளவு வலிக்கும்? இரண்டாவது டிவியாக வாங்குவதும், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய ஒரே வண்டியாக வாங்குவதும் ஒன்றல்ல.

## சட்டம் எதை விட்டுக்கொடுக்கும், எதை விடாது

இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு, தரத்துக்குத் தானாக உத்தரவாதம் எதுவும் கிடையாது என்றுதான் ஆரம்பிக்கிறது. பிறகுதான் விதிவிலக்குகள்: உங்கள் தேவையைச் சொல்லி வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால் ஒன்று, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரத்தை வைத்து வாங்கினால் இன்னொன்று. அதிலும் ஒரு கொக்கி. பொருளைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள் என்றால், அப்படிப் பார்த்ததில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு வராது. இந்த உத்தரவாதங்களை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளவும் 62-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் வணிகச் சட்டத் தொகுப்பிலும் "உள்ளது உள்ளபடி" என்ற வார்த்தைக்கே அந்த வலிமை உண்டு. ஆனாலும் மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் கடைக்காரர் நுகர்வோரிடம் அதைச் சொல்லித் தப்பிக்க விடுவதில்லை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கினால் பழைய பொருளுக்கும் ஓரளவு தரம் இருந்தாக வேண்டும், பலகை மாட்டி அதை ரத்து செய்ய முடியாது. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, கடையில் வாங்கும் பழைய பொருளின் பழுதுக்குக் கடைக்காரர் பொறுப்பேற்கும் காலத்தை உறுப்பு நாடுகள் குறைக்க அனுமதிக்கலாம், ஆனால் ஓர் ஆண்டுக்குக் கீழே போக முடியாது. ஆக, விற்பவர் வியாபாரியா தனி ஆளா என்பதை வைத்து உங்கள் நிலைமையே மாறிவிடும்.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய பொதுவான இரண்டு விஷயங்கள் உண்டு. பொருள் தன்னுடையது என்ற உறுதியை "உள்ளது உள்ளபடி" என்று சொல்லி மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. வேண்டுமென்றே பொய் சொல்லவும் அது அனுமதிச் சீட்டு அல்ல. ஆனால் சும்மா இருப்பது வேறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சொல்ல வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாது. அதனால்தான் கேள்வி கேட்பது முக்கியம். கேட்காத வரை அவர் மௌனமாக இருக்கலாம். கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும், அல்லது உங்கள் கண்ணெதிரே பதில் சொல்லாமல் நழுவ வேண்டும்.

(ஒரு கிளைக்கதை. நியூயார்க்கில் ஒருவர் உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையோடு ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டார். அந்த வீட்டில் பேய் இருப்பதாக உரிமையாளரே பத்திரிகைகளில் சொல்லியிருந்தது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் பார்வையில் இந்த வீட்டில் பேய் உண்டு என்று சொல்லி, ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க வழிவிட்டது. எவ்வளவு சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறை, அதையும் கிளப்பிவிட்டவர் விற்பவரே. உங்கள் லேப்டாப்புக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் வாய்க்காது.)

## வழி 1: தனி ஆளிடம், உள்ளது உள்ளபடி

பெரும்பாலும் நல்ல விலை இங்கேதான். நேரில் போய்ப் பார்க்கலாம், பயன்படுத்தியவரிடமே பேசலாம், வீட்டைப் பார்த்தாலே பொருளை எப்படி வைத்திருந்திருப்பார் என்று பாதி தெரிந்துவிடும். வாங்கிய பிறகு போய்க் கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைத் தாராளமாகப் பார்க்கலாம். வாஷிங் மெஷின் என்றால் கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம் தொட்டியை விட்டுத் தனியாக ஆடி "டொக்" என்று தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கையால் வேகமாகச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள், ஜல்லி உருளுவது போலச் சத்தம் வந்தாலும் அதேதான். பேரிங் தானே என்று விட்டுவிட வேண்டாம். சில மாடல்களில் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டி வருகிறது, பேரிங் போனால் தொட்டியையே மாற்ற வேண்டும்.

பைக் பார்க்கப் போனால் சாவியை வாங்கும் முன் என்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுவதை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து, பிரேக் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு எண்களில் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவுகிறவர்கள் பல சமயம் அந்தக் கடைசி அடியைக் கழுவ மறந்துவிடுவார்கள், அங்கே சேறு படிந்திருக்கும்.

போன் என்றால் பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே ரீசெட் செய்து பாருங்கள். \*#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய லேப்டாப். திரை, விசைப்பலகை, சார்ஜர், வைஃபை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். டச்பேட் மட்டும் அழுத்தினால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் மேஜையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. உள்ளே பேட்டரி உப்பி, கீழிருந்து டச்பேடைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. விற்றவருக்கு போன் செய்தால், "நேத்து வரைக்கும் என்கிட்ட நல்லாத்தானே இருந்துச்சு" என்றார், விற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் விரலுக்குக் கீழேயே இருந்த குறை அது.

யாருக்குச் சரி: அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர், அல்லது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடிந்தவர், போட்ட காசு போனாலும் தாங்கக்கூடியவர்.

## வழி 2: ஏலம், மொத்த லாட்

ஏலத்தில் பொதுவாக "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்று போட்டிருப்பார்கள். இதில் முதல் பாதியைப் பலர் படிப்பதே இல்லை. இருக்கும் இடத்தில் என்றால் கழற்றுவது, தூக்குவது, வண்டி பிடிப்பது எல்லாம் உங்கள் செலவு. ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், வரி என்று சேரும். குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் வாடகை போடுவார்கள். பல இடங்களில் கண்ணால் பார்க்க மட்டும்தான் அனுமதி, பிளக்கில் மாட்டிப் பார்க்க முடியாது.

வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த சரக்கு லாட்டாக வரும்போது இன்னொரு சிக்கல். நல்லதை ஏற்கெனவே பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டியிருக்கலாம். அகெர்லாஃப் சொன்னது இங்கே அட்டைப்பெட்டியில் அடைத்து வருகிறது. மறுவிற்பனைக்கு வாங்கினால் சட்டப் பாதுகாப்பும் சுருங்கிவிடும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார்.

யாருக்குச் சரி: பத்தில் மூன்று செத்துப் போனாலும் அந்த மூன்றிலிருந்து ஸ்பேர் எடுத்து மற்றதை ஓட்டத் தெரிந்த ஆளுக்கு. வீட்டுக்கு ஒரே ஒரு மெஷின் தேவைப்படுகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

## வழி 3: டிஸ்ப்ளே பீஸ், பெட்டி பிரித்தது

இங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: தயாரிப்பாளரின் வாரண்டி இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து? உங்கள் பில் தேதியிலிருந்து முழு வாரண்டி என்றால், ஒரு கீறலுக்காகக் கிடைக்கிற தள்ளுபடி இது. இந்த நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். வாரண்டி கிடையாது, மாற்றித் தரமாட்டோம் என்றால் வழி 1-ஐ விடப் பெரிதாக எதுவும் மேல் இல்லை, கடைவிளக்கு வெளிச்சத்தில் பளபளக்கிறது, அவ்வளவுதான்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகையைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம். மனசு மாறித் திருப்பிக் கொடுப்பதும், பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் வெவ்வேறு. பலகை முதலாவதைத் தடுக்கலாம், இரண்டாவதைத் தடுக்குமா என்பது உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது.

டிவி டிஸ்ப்ளே பீஸில் மட்டும் கவனம். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை முழு வெளிச்சத்தில் ஓடியிருக்கும். ஓஎல்இடி திரையில் பழைய படம் தழும்பு போல நிலைத்துவிடுவது உண்டு. ஒரே நிறத்தைத் திரை முழுக்கப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின், அலமாரி, அடுப்பு போன்றவை டிஸ்ப்ளேவில் சும்மாதான் நிற்கும், தேய்மானம் இருக்காது.

யாருக்குச் சரி: அழகு முக்கியமில்லை, வேலை நடந்தால் போதும் என்பவருக்கு.

## வழி 4: ரீஃபர்பிஷ் செய்தது, வாரண்டியோடு

ரீஃபர்பிஷ் என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம் கிடையாது. ஒருவர் பேட்டரி, பேரிங் எல்லாம் மாற்றியிருப்பார். இன்னொருவர் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். என்ன பார்ட்ஸ் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் நல்லது, சிரிப்பு வந்தால் கிளம்பிவிடுங்கள்.

வாரண்டியிலும் ஓட்டைகள் உண்டு. பேட்டரிக்குப் பொருந்தாது, சர்வீஸ் சென்டருக்கு நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும், பார்ட்ஸ் மட்டும் இலவசம் கூலி தனி, இப்படி. கடையே மூடிவிட்டால் வாரண்டி அட்டை புத்தகத்துக்கு அடையாளம் வைக்கத்தான் ஆகும். வாங்கியதும் முதல் இரண்டு வாரம் அதைச் சும்மா விடாமல் வேலை வாங்குங்கள். மாற்றிய பாகத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் சீக்கிரமே பல்லைக் காட்டிவிடும்.

யாருக்குச் சரி: பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், அது இல்லாமல் வேலை ஓடாது என்கிறவர்.

## ஒரு சின்னக் கணக்கு

புதுசு 100 என்று வையுங்கள். தனி ஆள் 45-க்குத் தருகிறார், ரீஃபர்பிஷ் 65. இருபது மிச்சம் போலத் தெரியும். ஆனால் ஏற்றி இறக்க 4, வந்ததும் ஒரு சர்வீஸ் 5 என்றால் 54 ஆகிவிட்டது. மிச்சம் 11. பெரிய பழுதுக்கு 30 ஆகும், மூன்றில் ஒரு வாய்ப்பு அது வரலாம் என்று வைத்தால், அதற்கு 10 ஒதுக்க வேண்டும். கையில் நிற்பது 1. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் 15 ஒதுக்க வேண்டும், இப்போது நீங்கள் 4 நஷ்டத்தில் வாங்குகிறீர்கள். நன்றாகப் பார்த்துச் சோதித்து அந்த வாய்ப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க முடிந்தவருக்கு 3 ஒதுக்கினால் போதும், 8 லாபம். ஒரே மெஷின், ஒரே விலை. பார்க்கத் தெரிந்தவருக்கு லாபம், தெரியாதவருக்கு நஷ்டம்.

| | தனி ஆள் | ஏலம் | டிஸ்ப்ளே பீஸ் | ரீஃபர்பிஷ் |
|---|---|---|---|---|
| ஓட்டிப் பார்க்க | கேட்டால் முடியும் | அரிது | கடையைப் பொறுத்து | பெரும்பாலும் முடியும் |
| மறைந்த செலவு | ஏற்றுக்கூலி, முதல் சர்வீஸ் | கட்டணம், வரி, வண்டி, இட வாடகை | விடுபட்ட உதிரிகள் | வாரண்டியில் சேராத பாகங்கள் |
| திருட்டுப் பொருள் பயம் | உண்டு, பில் கேளுங்கள் | நடத்துபவரைப் பொறுத்து | மிகக் குறைவு | குறைவு |
| பின்னால் கேட்க ஆள் | இல்லை | இல்லை | உண்டு, வாரண்டி இருந்தால் | உண்டு, கடை இருக்கும் வரை |
| ஒரே வார்த்தையில் | தெரிந்தவருக்கு | தொழில்காரருக்கு | அழகு பார்க்காதவருக்கு | தெரியாதவருக்கு |

சில பொருட்களுக்கு இந்தப் பட்டியலே வேண்டாம். ஹெல்மெட், குழந்தைக்கான கார் சீட், மலையேறும் கயிறு. ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருப்பது வெளியிலிருந்து தெரியாமலே இருக்கலாம். புதுசுதான்.

## பணம் கொடுப்பதற்கு முன்

எந்த வழியானாலும் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். நண்பர் அனுப்பிய செய்தி இதுதான்: "மெஷின் எத்தனை வருஷம் ஆச்சு? இதுவரை என்ன ரிப்பேர் பார்த்தீங்க? இப்போ தெரிஞ்ச குறை ஏதாவது இருக்கா? பில் இருக்கா?" மூன்றாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். முதல், இரண்டாவது, நான்காவதுக்கு உடனே பதில் வந்தது. மூன்றாவதை அவர் தாண்டிப் போய்விட்டார். திரும்பக் கேட்டதற்கு, "நேர்ல வந்து பாருங்க சார்" என்றார்.

போனோம். நண்பர் டிரம்மைப் பிடித்து அசைத்தார். டொக். விற்பவர் சிரித்துக்கொண்டே, "அது ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு, ஆனா நல்லாத் துவைக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை, நாங்கள் அசைத்துப் பார்க்கும் வரை சொல்லவும் இல்லை. பேரிங் செலவைக் கழித்து ஒரு விலை கேட்டோம், அவர் இறங்கவில்லை. அங்கிருந்து நேராக அந்த டிஸ்ப்ளே பீஸ் கடைக்குப் போய், வாரண்டி இன்றைய தேதியிலிருந்து என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். நசுங்கின பக்கம் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.